செடி பூக்கட்டும், அப்புறம் இறங்குங்க

செப்டம்பர் 3

பிரஷர் 140/90. எழுதியாயிற்று.

மைதா கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஓசியில் கொடுக்கும் டைரி இது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. வீட்டுக்காரருக்குத் தினமும் பிரஷர் பார்த்து எழுதி, அடுத்த தடவை வரும்போது கொண்டுவரச் சொன்னார் கோயம்புத்தூர் டாக்டர். பிரஷரை எழுதினால் அரை வரிகூட ஆகவில்லை. மீதிப் பக்கம் காலியாகக் கிடந்து என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. சரி, எழுதித்தான் பார்ப்போமே. இத்தனை வருஷமாக நான் எழுதியதெல்லாம் கேக்கின் மேல்தான். கிரீமில் என் கையெழுத்துக்குக் குன்னூரே மயங்கும். பேனாவில் எழுதினால் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் அமலதாஸை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டேன். நெஞ்சைப் பிளந்து, சரிபண்ணி, தைத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குக் கீழே பேக்கரி, மேலே வீடு. பேக்கரியில் இவருக்கு வலது கையாக இருக்கும் ரஃபீக்தான் தூக்காத குறையாக மாடியேற்றி விட்டான்.

கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துப் புகைக்கூண்டுச் சுவரோரம் போட்டேன். கீழே விறகடுப்பு எரியும்வரை இந்தச் சுவர் கதகதவென்று இருக்கும். இந்த வீட்டில் எது சுணங்கினாலும் அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கம். பன் மாவு பொங்குவது அங்கே, தயிர் உறைவது அங்கே, மழைக்காலத்தில் துணி காய்வதும் அங்கேதான். மாவுத் தொட்டியை நகர்த்திவிட்டு இவரைப் படுக்கவைத்தேன்.

"என்னையும் பொங்க வைக்கப் போறியா?" என்றார்.

"பேசாமப் படுங்க."

செப்டம்பர் 6

பிரஷர் 130/86. கஞ்சி வேண்டாம், வர்க்கிதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வனஸ்பதி போட்டு மடித்து மடித்துச் சுட்டெடுத்த பண்டம் அது. டாக்டர் காதில் விழுந்தால் என்னைத்தான் முதலில் திட்டுவார். கொடுக்கவில்லை.

சுவரோரம் இவரோடு இன்னொரு நோயாளியும் இருக்கிறது. எதிர்வீட்டு வினோதினி அக்கா ஜூன் மாதம் மைசூருக்கு மகன் வீட்டோடு போனபோது ஒரு தொட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டாம். பூவின் முன்பக்கம் செருப்பின் முனை மாதிரி குழிந்து இருக்குமாம். பூவுக்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை? எனக்கு இதுவரை காட்டியது பட்டை பட்டையாக ஆறேழு பச்சை இலைகளைத்தான். என் கையில் ரோஜா பூத்திருக்கிறது, டேலியா தலையளவு பூத்திருக்கிறது. இது மட்டும் தண்டச்சோறு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 15

ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து செடியைத் தொட்டி மாற்றினேன். நல்ல செம்மண், கொஞ்சம் சாணி எரு, அடுப்புச் சாம்பல் ஒரு பிடி. போட்டோ எடுத்து வினோதினி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிடையரானவர்கள். 'ஹலோ' எல்லாம் கிடையாது.

"ஜெசிந்தா, செடி வளக்கறியா, அடக்கம் பண்றியா?"

"ஏங்க்கா?"

"அதுக்கு மண்ணே ஆகாது. வேருக்குக் காத்து வேணும். பைன் மரப்பட்டைய சின்னச் சின்னதா ஒடச்சுக்கோ. கரி சேத்துக்கோ. இப்பவே எடு அதை!"

பட்டைக்கு ரஃபீக்கை மரக்கடைக்கு அனுப்பினேன். கரிக்கு எங்கள் அடுப்பில் பஞ்சமா? உடைத்துச் சலித்துக் கழுவி வேலை முடியும்போது கையெல்லாம் கறுப்பு. இவர் கட்டிலிலிருந்து பார்த்துச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இன்றுதான் சிரித்தார். தையல் வலிக்கும் என்று அதட்டினேன்.

செப்டம்பர் 29

இலைகளின் இடுக்கில் மாவுப்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தேன். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நிற்கக் கூடாதாம், அழுகிவிடுமாம். குழாய்த் தண்ணீரும் ஆகாதாம், மழைத் தண்ணீர்தான் வேண்டுமாம். மகாராணி! வாளியை வைத்து மழையைப் பிடிக்கிறேன்.

"என்னைவிட அதுக்குத்தான் வைத்தியம் ஜாஸ்தி நடக்குது" என்றார் இவர்.

"அது எதுத்துப் பேசறதில்ல."

அக்டோபர் 8

கோயம்புத்தூர் போய் வந்தோம். டாக்டர் டைரியைப் புரட்டிப் பார்த்து "வெரி குட்" என்றார். இவர் இசிஜி எடுக்கப் போயிருந்த நேரத்தில் என்னிடம் ஏதேதோ சொன்னார். ஒரு மாத்திரை குறைந்திருக்கிறது. திரும்பும் வழியில் மலைப்பாதையில் மூடுபனி. மேட்டுப்பாளையம் தாண்டியதும் இவருக்கு மப்ளரைச் சுற்றிவிட்டேன்.

"டாக்டர் வேற என்ன சொன்னாரு?"

"மாத்திரைய நேரத்துக்குப் போடச் சொன்னாரு."

அக்டோபர் 13

இன்று சண்டை.

நான் பூசைக்குப் போய்த் திரும்பும்போது மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டிருந்தார். குல்லா இல்லை, ஸ்வெட்டர் இல்லை. கீழே அடுப்பிலிருந்து வாசனை வந்ததாம். வர்க்கி ஒரு பக்கம் தீய்கிறதாம், ரஃபீக்குக்குத் தட்டைத் திருப்பிப் போடத் தெரியவில்லையாம். "நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன்" என்கிறார்.

என் குரல் மார்க்கெட்வரை கேட்டிருக்கும். ஆகஸ்டில் இந்த மனுஷன் அதே அடுப்பின் முன்னால் விழுந்தார். தட்டுத் தள்ளும் நீளக் கம்பு முதலில் தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ரஃபீக் தோளைப் பிடித்தான், நான் காலைப் பிடித்தேன். ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடியும்வரை இவர் கை என் கையில் ஜில்லென்று கிடந்தது. அந்த ஜில்லிப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"அப்ப நான் எப்பத்தான் கீழ எறங்கறது? சொல்லு. ஒரு தேதி சொல்லு."

எனக்கிருந்த கோபத்தில் கண்ணில் பட்டது அந்தத் தொட்டி. "அந்தச் செடி பூக்கட்டும், அப்புறம் இறங்குங்க!" என்றேன்.

செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாக்கா?"

"வாக்குத்தான்."

படியேறி வந்து சமர்த்தாகப் படுத்துக்கொண்டார். நானும் ஜெயித்துவிட்ட நினைப்பில் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 20

பிரஷர் 126/80. தினமும் காலையில் எழுந்ததும் தொட்டியைக் கையில் வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறார். "ஜெசி, புதுக் குருத்து நல்லா வந்திருக்கு. பூ இதுலதான் வரும்னு நெனக்கிறேன்" என்கிறார். என் செடிக்கு இவர் ஜோசியம் சொல்கிறார்!

வெள்ளிக்கிழமை உரம் வாங்கிவந்தேன். நான் தொட்டு ஒரு செடி பூக்காமல் இருந்தது என்று பெயர் வரக் கூடாது. எப்பாடு பட்டாவது பூக்க வைத்துவிடுவேன். வாக்குக் கொடுத்ததற்காக இல்லை. அது வேறு விஷயம்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மாமியார் கல்லறைக்குச் சாமந்தி மாலை, மெழுகுவத்தி. இவர் வருகிறேன் என்றார். அங்கே காற்று அதிகம் என்று நான் மட்டும் போய்வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்குள் இவரைக் கூட்டிப் போக எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மதியம் வினோதினி அக்கா போன்.

"மொட்டு விட்டுச்சா?"

"இல்லக்கா. எல்லாம் நீங்க சொன்ன மாதிரித்தான் செய்யறேன். உரம் வெக்கிறேன், மழைத்தண்ணி ஊத்தறேன்."

"எங்க வெச்சிருக்க?"

"சுவரோரமா, கதகதன்னு..."

"அட என் புத்திசாலி! அதுக்குக் குளிர் படணும்டி. பகல்ல வெளிச்சம், ராத்திரில நல்ல குளிர். குளிர் தெரிஞ்சாத்தான் அதுக்குப் பூக்கணும்னு தோணும். பின்பக்க வராந்தாவுல கொண்டு வை. பனி நேரா விழாம மேல தகரம் இருக்கில்ல, போதும். நீ அடைகாத்தா அது ஆயுசுக்கும் இலையத்தான் காட்டும்."

சரி என்று போனை வைத்தேன்.

நவம்பர் 4

தூறல். செடியை வெளியே வைக்கவில்லை.

நவம்பர் 7

காற்று பலமாக அடிக்கிறது. தகரம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. இந்தக் காற்றில் வைத்தால் தொட்டி விழுந்துவிடும்.

நவம்பர் 11

வராந்தாவைக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வினோதினி அக்கா என்ன சொன்னார்கள் என்று இவர் கேட்டார். உரத்தைக் குறைக்கச் சொன்னார்கள் என்றேன்.

நவம்பர் 17

பிரஷர் 120/78. டாக்டர் பார்த்தால் கையைத் தட்டுவார்.

ஆனால் மனுஷன் சரியில்லை. முன்னெல்லாம் கஞ்சியைக் கொடுத்தால் ஒரு சண்டை போடுவார். இப்போது வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிறார். கிண்டல் இல்லை, பேப்பர் படிப்பதில்லை. காலையில் தொட்டியைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நேற்று கீழேயிருந்து நிஜமாகவே தீயும் வாசனை வந்தது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரஃபீக் மேலே வந்து கட்டிலோரம் நின்றான். "அண்ணே, கிறிஸ்துமஸ் ஆர்டர் நிக்காம வருது. பிளம் கேக்குக்குப் பழம் எவ்வளவு ஊறணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அக்காகிட்ட கேளு" என்றார்.

முப்பது வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காத கேக் அது. அக்காவிடம் கேள் என்கிறார்.

நவம்பர் 21

இதை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மதியம் இவர் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "ஜெசி, அன்னிக்கு அடுப்புக்கிட்டயே போயிருந்தா நல்லாருந்திருக்கும். வேலை செஞ்சுட்டே போனான்னு நாலு பேரு சொல்லிருப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பால் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. இந்த மனுஷனைப் பிழைக்க வைக்க நான் படாத பாடா? ராத்திரி எத்தனை தடவை எழுந்து மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன்? அதற்கா இந்தப் பதில்?

நவம்பர் 22

செடியைப் பின்பக்க வராந்தாவில் வைத்தேன். சுவரோரம் இடம் போதவில்லை.

டிசம்பர் 1

ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடுகிறது. இரண்டு தடவை விழிப்பு வந்தது. ஒரு தடவை இவருக்காக, ஒரு தடவை செடிக்காக. இரண்டும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தன. இலை சுருங்கவில்லை. முன்னைவிடத் திமிராக நிமிர்ந்து நிற்கிறது, திருட்டு முண்டம்.

டிசம்பர் 14

உட்கார நேரமில்லை. நாள் முழுக்கக் கீழேதான் இருக்கிறேன். கிரீமில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. மேலே வந்து பார்த்தால் இவர் கட்டிலில் இல்லை. பதறிப்போனேன். குளியலறையில் இருந்தார். வாசலில் இவருடைய செருப்பு ஈரமாக இருந்தது. குளியலறைக்குச் செருப்பு போட்டுப் போனாராம்.

ஒரு கூடை டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி, திராட்சையை மேலே கொண்டுவந்து மடியில் வைத்தேன். "சும்மாத்தான இருக்கீங்க, நறுக்கித் தாங்க." கத்தியை வாங்கிக்கொண்டார். முந்திரியெல்லாம் அளவெடுத்த மாதிரி ஒரே சைஸில் விழுந்தன.

டிசம்பர் 25

நள்ளிரவுப் பூசைக்கு இவர் வரவில்லை, நான்தான் விடவில்லை. கேக் எல்லாம் விற்றுவிட்டது. ரஃபீக் முதல் துண்டை மேலே கொண்டுவந்தான். இவர் மோந்து பார்த்தார், கடித்தார், மென்றார். "பட்டை ஒரு சிட்டிகை ஜாஸ்தி" என்றார். ரஃபீக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் குறை சொல்லிவிட்டாராம், அதில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

டிசம்பர் 29

மொட்டு!

புதுக் குருத்தின் அடியில், இரண்டு இலை சேருமிடத்தில், பயறு மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. முதலில் புது இலையோ என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இலை இல்லை, மொட்டின் உறைதான். வராந்தாவில் தனியாக நின்று கையைத் தட்டிச் சிரித்தேன். என்னை யாராவது பார்த்திருந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு வண்டி பிடித்திருப்பார்கள்.

இவரிடம் சொல்லவில்லை. சின்னதாக இருக்கும்போதே ஊரெல்லாம் சொன்னால் கண் பட்டுவிடும்.

ஜனவரி 6

கம்பெனிக்காரன் கொடுத்த புது வருஷ டைரி. இன்னும் சொல்லவில்லை. மொட்டு உதிர்ந்துவிட்டால் ஏமாற்றமாகிவிடும் இவருக்கு. நெஞ்சுக்கு ஏமாற்றம் ஆகாது.

ஜனவரி 9

மதியம் வராந்தாவுக்குப் போனேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது. காய்ந்த இலை ஏதாவது இருந்தால் வெட்டலாம் என்று எடுத்துப் போயிருப்பேன். காய்ந்த இலை ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். தண்டு விரல் கணுவளவு வளர்ந்திருந்தது. மென்மையான முடியோடு, அப்போதுதான் பிறந்த குழந்தையின் காது மாதிரி.

கத்தரிக்கோலைக் கீழே கொண்டுபோய் ரஃபீக்கிடம் கொடுத்துவிட்டேன். பட்டர் பேப்பர் வெட்ட அவனுக்கு நல்ல கத்தரிக்கோல் இல்லையே.

ஜனவரி 13

உறைபனி. ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாம், இங்கேயும் வேலியோரம் உப்புத் தூவின மாதிரி. விடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். தொட்டியின் மேல் யாரோ மைதா சாக்கைக் கூடாரமாகப் போட்டு, நாலு முனையிலும் கல் வைத்திருந்தார்கள். மொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரஃபீக்குக்கு ஸ்பெஷலாக டீ போட்டுக் கொடுத்தேன். "நல்ல காரியம் பண்ணினடா தம்பி" என்றேன்.

"என்னக்கா பண்ணினேன்?"

அடக்கம் வேறு! பையன் நல்லவன்.

ஜனவரி 21

கோயம்புத்தூர். டாக்டர் இவரை நடக்க வைத்து, படியேற வைத்து, மெஷினில் ஓட வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை இவரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்புறம், பேக்கரி எப்படிப் போகுது? வேலைக்குப் போறீங்கள்ல?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நின்னு வேலை பாக்கலாம், படி ஏறி இறங்கலாம். மூட்டை மட்டும் தூக்காதீங்க. நவம்பர்லேருந்து மெதுவா ஆரம்பிக்கலாம்னு போன தடவையே அம்மாகிட்ட சொல்லிருந்தேனே?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பர்லியாறு வரும்வரை வெளியே மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கத்துவார், மானத்தை வாங்குவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், இருவருக்கும் சுலபமாகப் போயிருக்கும்.

"பயந்துட்டியா ஜெசி?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். பஸ் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.

"சரி. வாக்குன்னா வாக்கு. பூக்கட்டும்" என்றார்.

பிப்ரவரி 4

தண்டு ஒரு சாண் வளர்ந்துவிட்டது. மொட்டு தலையைக் குனிந்துகொண்டிருக்கிறது. வெளிச்சத்துக்காகத் தொட்டியைத் திருப்பி வைத்துவிடாதே, தண்டு கோணிக்கொள்ளும் என்றார்கள் வினோதினி அக்கா. திருப்பவில்லை.

இன்று பார்த்தால் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி, நூலால் தளர்வாகக் கட்டியிருக்கிறது. கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற குச்சி. ரஃபீக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சத்தியமா நான் இல்லக்கா. நான் மேல வந்தே ஒரு வாரமாச்சு."

அப்போ யார், வானத்திலிருந்து சம்மனசா இறங்கி வந்து கட்டிவிட்டுப் போயிற்று? ரஃபீக் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வேலையைப் பார் என்று விரட்டிவிட்டேன்.

பிப்ரவரி 12

இன்னும் திறக்கவில்லை. அவசரமும் இல்லை.

பிப்ரவரி 19

பூத்துவிட்டது.

கடவுளே, இப்படியும் ஒரு பூவா! மேலே ஒரு இதழ் குடை மாதிரி நிற்கிறது, பச்சையில் பழுப்புப் புள்ளி, ஓரம் மட்டும் வெள்ளை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இதழ், விளிம்பு அலையலையாக. நடுவில் அந்தச் செருப்பு முனை, தேன் நிறத்தில். முட்டை பூசிச் சுட்டெடுத்த பன் மாதிரி அப்படி ஒரு பளபளப்பு. தொட்டுப் பார்த்தால் மெழுகு. பொய்ப் பூவோ என்று சந்தேகம் வருகிற அளவு நிஜம்.

நான் பூக்க வைத்தேன்! சொன்னேனா இல்லையா!

வினோதினி அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். "நூற்றுக்கு நூறு" என்று பதில் வந்தது. அந்தம்மா வாழ்க்கையில் யாருக்கும் அந்த மார்க் போட்டிருக்கமாட்டார்கள்.

இவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "கஞ்சிக்கு உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

சொல்லவில்லை.

பிப்ரவரி 21

இந்தப் பூ ரெண்டு மாதம் வாடாமல் நிற்குமாம். அக்கா சொன்னார்கள். ரெண்டு மாதம் நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்? இருந்துவிட முடியும், எனக்கு என்னைத் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

மத்தியானம் கடையிலிருந்து மேலே வந்தபோது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சுவரோரம், மப்ளரும் குல்லாவும் ஸ்வெட்டருமாக, நெற்றியெல்லாம் வேர்வை. நல்ல நிறமாக இருந்தவர் இந்த ஆறு மாதத்தில் வெளுத்துப்போய்விட்டார். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். வழக்கம்தான்.

மூச்சு இருக்கிறது. மூச்சு மட்டும்தான் இருக்கிறதோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

பிப்ரவரி 23

ஞாயிறு. பூசையில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. வந்ததும் நேராகக் கீழே பேக்கரிக்குப் போனேன். ஒரு சின்ன ஸ்பஞ்ச் கேக்கை எடுத்து வெள்ளைக் கிரீம் பூசினேன். வாயில் வராதது எனக்குக் கிரீமில் வரும். நீலக் கலரில் எழுத ஆரம்பித்தேன். முதல் எழுத்தே கோணியது. வழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரஃபீக் பார்த்துக்கொண்டே நின்றான்.

மேலே கொண்டுபோய் இவர் மடியில் வைத்தேன்.

"என்னது? எனக்கென்ன பொறந்த நாளா?"

"கண்ணாடியப் போட்டுட்டுப் படிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். 'கீழே வாங்க' என்று எழுதியிருந்தேன்.

"பூத்துருச்சு" என்றேன். "புதன்கிழமையே பூத்துருச்சு. நான்தான் சொல்லல."

"செவ்வாய்க்கிழமை" என்றார்.

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தெறந்துருச்சு ஜெசி. நீ கடையில இருந்த."

ஈரச் செருப்பு, மைதா சாக்கு, கேக்குக் குச்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண் முன்னால் வந்து நின்றன. "அந்தப் பனியிலயா வெளிய போனீங்க? குல்லாகூட இல்லாமயா?"

"மொட்டுக்கும் குல்லா இல்லையே. அதான் சாக்கப் போட்டேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"செடி வெளிய போனதுலேருந்தே நீ இல்லாதப்ப போய்ப் பாத்துட்டுத்தான் இருந்தேன். மொட்டு தெரிஞ்சது நீ கை தட்டிச் சிரிச்சியே, அன்னிக்கு. ஜன்னல் வழியாப் பாத்தேன். என்னடா இவ தனியாச் சிரிக்கிறாளேன்னு நீ கீழ போனதும் போய்ப் பாத்தேன்."

அப்போ கத்தரிக்கோலோடு நான் நின்றதையும் பார்த்திருப்பார். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"ரெண்டு மாசமாத் தெரிஞ்சிருக்கு. பூத்தும் அஞ்சு நாளாச்சு. எறங்கிப் போயிருக்கலாம்ல? டாக்டரே சொல்லிட்டாரு. யாரு உங்களைப் பிடிச்சு வெச்சா?" கேட்கும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ சொல்லாம நான் எறங்கினா, நீ மாடிப்படியில நின்னு பயந்துட்டே இருப்ப. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடியாருவ. அப்புறம் நான் எறங்கித்தான் என்ன புண்ணியம்? நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

விரலால் கிரீமைத் தொட்டு வாயில் வைத்தார். "சர்க்கரை கம்மி" என்றார். கட்டிலை விட்டு எழுந்து மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் மேலே குல்லா. படியில் இறங்கினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. எனக்குக் கை பரபரத்தது. மப்ளரை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். கீழே "அண்ணே!" என்று ரஃபீக் போட்ட சத்தம் கேட்டது. அங்கேயே நின்றேன், இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மப்ளரைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

பிப்ரவரி 24

விடிந்ததும் கீழே போய்விட்டார். முதல் தட்டு வர்க்கி கருகிவிட்டது. குற்றம் விறகின் மேலாம், விறகை வாங்கிய ரஃபீக்கின் மேலாம், அடுப்பை ஆறு மாதமாகச் சரியாகப் பெருக்காத என் மேலாம். சத்தம் மாடிவரை கேட்கிறது. ரஃபீக் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. இரண்டாம் தட்டு வாசனையாக வருகிறது.

நீளக் கம்பு தரையில் இடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது. போய், வந்துவிடுகிறது. பழகிவிடும்.

கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டேன். சுவரோரம் மாவுத் தொட்டியை வைத்துவிட்டேன். பூ வராந்தாவிலேயே இருக்கட்டும்.

பிரஷர்: பார்க்கவில்லை. ஆள் கீழே இருக்கிறார்.